ஞாயிற்றுக்கிழமை வலை

எங்கள் கந்தோரில் ஒரு பெரிய கண்ணாடி யன்னல் இருக்கிறது. அதைத் திறக்க முடியாது. குளிரூட்டி பூட்டியபோது ஓரமெல்லாம் பசை பூசி ஒட்டிவிட்டார்கள். மன்னார் தீவில் காற்றுக்கு மட்டும்தான் பஞ்சமில்லை. அந்தக் காற்றும் நுழையாத ஓர் அறையைத் தேடிப் பிடித்து, வருடக் கணக்காக அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். கீழே டயர்க் கடை. அதன் மணம் மட்டும் எந்தப் பசைக்கும் அடங்காமல் படியேறி வரும்.

கந்தோர் என்றதும் என்னுடைய கந்தோர் என்று நினைக்க வேண்டாம். ஒரே நீள மேசை. அதன் ஒரு முனை எனக்கு. நடுவில் காப்புறுதி முகவர். மற்ற முனையில் கலியாணத் தரகு பார்க்கிற அக்கா. ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டம் இளம் தொழில் முயற்சியாளர்களுக்கென்று இந்த அறையைச் செய்து, நாடா வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முகவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அக்காவுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது. இப்போது டயர்க் கடைக்காரர்தான் மேசையைத் துண்டு துண்டாக வாடகைக்கு விடுகிறார். வாசல் பலகையில் இன்னும் 'இளம்' என்றுதான் இருக்கிறது.

என் தொழில் சுற்றுலா விளம்பரம். தீவில் இருக்கிற நாலைந்து தங்குவிடுதிகள், இரண்டு வான்காரர், தலைமன்னாருக்கு அப்பால் மணல் தீடைகளைக் காட்டப் படகு ஓடுகிறவர்கள், இவர்கள் எல்லோருக்கும் முகநூல் பக்கம் நடத்துகிறவள் நான். படம் எடுப்பேன். எழுதுவேன். கேட்கிறவர்களுக்குப் பதில் போடுவேன். ஆட்களைக் கூட்டமாக அனுப்புவது கொழும்பில் உள்ள ஒரு பயண நிறுவனம். அவர்கள் அனுப்பாவிட்டால் விடுதி அறைகள் பூட்டித்தான் கிடக்கும். பூட்டிக் கிடந்தால் விடுதிக்காரர்கள் கொழும்புக்குப் போய்ச் சண்டை பிடிக்கமாட்டார்கள். என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

எழுதுவேன் என்று சொன்னேன். என்ன எழுத்து? 'மறைந்திருக்கும் மன்னார்' என்று எழுதச் சொல்வார்கள். மன்னார் எங்கும் மறைந்திருக்கவில்லை. பாலத்தால் வந்தால் நேரே முன்னால் கிடக்கிறது. நீங்கள் இத்தனை காலம் வராமல் இருந்ததற்கு நாங்களா ஒளித்திருந்தோம்? அப்படி எழுத ஏலாது. பூநாரை எப்போது வரும் என்று கேட்பார்கள். அதுக்கு விருப்பமானபோது வரும். அப்படியும் எழுத ஏலாது. 'சிறகு விரிக்கும் பருவகால விருந்தாளிகள்' என்று எழுதிப் பதிவேற்றிவிட்டு, போத்தல் தண்ணீர் முழுக்கக் குடிப்பேன்.

இந்த அறையில் நடப்பது மூன்று தொழில். மூன்றும் வாயால் நடக்கிற தொழில். முகவர் தொலைபேசியில் சாவைப் பற்றிக் கதைப்பார். அக்கா கலியாணத்தைப் பற்றிக் கதைப்பா. நான் விடுமுறையைப் பற்றிக் கதைக்க வேண்டும். யாராவது ஒருவர் உரத்துக் கதைத்தால் மற்ற இருவருக்கும் வியாபாரம் இல்லை. அதிலும் அக்காவிடம் ஒரு பெண்ணின் தகப்பன் வந்து உட்கார்ந்துவிட்டால் அறையில் ஊசி விழக்கூடாது. நான் வாயைத் திறந்ததும் அக்கா அங்கிருந்து விரலை உதட்டில் வைத்துக் கண்ணை உருட்டுவா. அதனால் நான் தொலைபேசியில் பெரும்பாலும் ஒரே சொல்லை வைத்துத்தான் காலம் தள்ளுவேன். ஓம்.

எங்கள் பக்கத்தில் ஓம் என்றால் ஆமாம். ஆனால் அது மட்டுமல்ல. ஒருவர் சொல்லிக்கொண்டு போகும்போது, கேட்கிறது, விளங்குகிறது, மிச்சத்தைச் சொல்லுங்கோ என்பதற்கும் ஓம்தான். செத்த வீட்டுச் செய்தியைச் சொன்னாலும் இடைக்கிடை ஓம் போடுவோம். செத்தது சரி என்று அர்த்தமில்லை.

இந்தச் சொல் என் வாயில் ஒரேயடியாக நிலைத்ததும் அல்ல. நான் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில். வீட்டில் பழகிய ஓமைப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் டீச்சருக்குச் சொல்லிவிட்டேன். வகுப்புப் பிள்ளைகள் கண்ணை மூடி, காலை மடித்து, தியானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வேதக்காரப் பிள்ளை நான், கத்தோலிக்கம். எனக்கு 'சாமியார்' என்று பட்டம். அடுத்த நாளில் இருந்து ஆமா டீச்சர், ஆமா சார். பதினாறு வயதில் ஊர் திரும்பினோம். தாழ்வுபாட்டில் கடைக்குப் போய் ஆமா என்றேன். "இந்தியாக்காரி வந்திட்டா, ஒரு தோசை சுட்டுக் குடுங்கோ" என்றார்கள். அந்த ஆத்திரத்தில் ஓமைப் பிடித்தேன். பிறந்ததில் இருந்து இங்கேயே கிடந்தவர்களைவிட என் வாயில்தான் ஓம் அதிகம்.

கொழும்பு நிறுவனத்தில் எங்கள் பக்கத்தைப் பார்ப்பவர் ஒரு பெண். நான் மிஸ் என்று கூப்பிடுவேன். மலையகத்தில் பிறந்து கொழும்பில் வேலை செய்கிறவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொல்ல விருப்பம், ஆனால் அது பொய். அவர் வீட்டில் ஆமா. ஓம் என்றால் வடக்கு ஆட்களின் ஆமா என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

ஒருநாள் காலை அவர் தொலைபேசி எடுத்தார். அதே நேரம் அக்காவின் முனையில் ஒரு பெண்ணின் தகப்பன். மாப்பிள்ளை வீடு வேண்டாமென்று சொல்லிவிட்ட செய்தியை அக்கா அந்த மனுசனுக்கு மெல்ல மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தா. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தேன்.

"உங்க அண்ணாகிட்ட கரைவலை இருக்குன்னு சொன்னீங்க தானே?"

"ஓம்."

"இங்க ஒரு ஆபீஸ்ல இருந்து இருபது பேர் வாறாங்க. அவங்களுக்கு வலை இழுக்கணுமாம். கையாலயே. ட்ராக்டர் எல்லாம் கண்ணுல படக்கூடாது."

"ஓம்."

"சனிக்கிழமை பறவை பார்த்துட்டு, சன்டே காலையில வலை. அப்புறம் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க."

"ஓம்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். முழுவதையும் கேட்டுவிட்டு, மிஸ், ஞாயிறு சரிவராது என்று கடைசியில் சொல்லத்தான் இருந்தேன். கடைசி வந்தபோது அந்தத் தகப்பன் அழத் தொடங்கிவிட்டார். அக்கா விரலை உதட்டில் வைத்தா. மிஸ், "ஓகே, சூப்பர், இன்னொரு கால் வருது" என்று வைத்துவிட்டார்.

நான் படியில் இறங்கி, டயர்க் கடை வாசலில் நின்று திரும்ப எடுத்தேன். பதில் இல்லை. மத்தியானம் விளம்பரம் வந்துவிட்டது. யாரோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரையின் படம். கீழே, 'தாழ்வுபாட்டில் ஒரு ஞாயிறு. மீனவரோடு சேர்ந்து வலை இழுங்கள்.' ஆட்கள் அதற்குச் சிவப்பு இதயம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாழ்வுபாட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வலை போடுவதில்லை. ஊர் முழுக்க வேதக்காரர். ஞாயிறு பூசைக்கு. அது பக்தி மட்டுமல்ல, கடற்றொழிலாளர் சங்கத்தின் சட்டம். கரைவலை இழுக்க ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய கரைத்துண்டு இருக்கிறது. அதைப் பாடு என்போம். ஞாயிறு வலை போட்டவனின் பாட்டைச் சங்கம் பூட்டிவிடும். பூட்டினால் அந்தக் காலம் முழுக்க அவனுக்குக் கரை இல்லை. என் அண்ணனிடம் இருப்பது அந்த ஒரு பாடுதான். இந்தியாவில் இருந்து வந்து, இல்லாத உறுதிப் பத்திரத்தைத் தேடி, சங்கத்து வாசலில் நாய் மாதிரி நின்று வாங்கியது.

பின்னேரம் மிஸ் கிடைத்தார்.

"நீங்க ஓம்னு சொன்னீங்களே?"

"அது ஓம் இல்லை மிஸ். கேக்கிறன் எண்டு சொன்னது."

"கேக்குதான்னு நான் கேக்கவே இல்லையே?"

அவர்கள் தொலைபேசியைப் பதிவு செய்கிற ஆட்கள். ஒலிப்பதிவை அனுப்பிவைத்தார். நான் அறையில் காதுக்குள் ஒன்றைச் செருகிக்கொண்டு கேட்டேன். ஓம். ஓம். ஓம். ஏதோ பூசைக்குப் பதில் சொல்கிற மாதிரி. இவள் யார், இவளுக்குக் கன்னத்தில் ஓர் அறை விடவேண்டும் என்று வந்தது.

முகவர் எட்டிப் பார்த்தார். அவர் முஸ்லிம் ஆள். சண்டைக் காலத்தில் புத்தளத்தில் கிடந்து திரும்பியவர். நான் நானா என்பேன்.

"என்ன புள்ள, மௌத்துச் செய்தியா?"

சொன்னேன்.

"ஓம், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்த. நீ ஓம் ஓம் எண்டு அள்ளிக் குடுத்த நீ. நான் நினைச்சன் பெரிய கொந்தராத்து எண்டு."

"நானா, நீங்களும் இப்பிடித்தானே கதைக்கிறனீங்கள்?"

"நான் புத்தளத்துக்குப் போய்ச் செருப்படி வாங்கிப் படிச்சவன். 'விளங்குது' எண்டு செல்லுவன். ஓம் எண்டு செல்லவே மாட்டன், ஆள் கையெழுத்து வைக்கிற மட்டும்."

தரகு அக்கா அங்கிருந்து சிரித்தா. "எனக்கு இவள் ஓம் எண்டு சொல்லுறாளில்லை. ரெண்டு மாப்பிள்ளை காட்டிட்டன். கொழும்புக்குத்தான் சொல்லுறாள்."

இதுதான் இந்த அறை. ஒரு கேவலம் நடந்தால் அதற்கு இரண்டு சாட்சி, மூன்றாவதாக ஒரு பகிடி. கதவைச் சாத்திக்கொண்டு அழ ஒரு கதவு கிடையாது.

ஞாயிறை மாற்ற ஏலாது என்றார் மிஸ். சனி மத்தியானம்தான் அவர்கள் வந்து சேருவார்கள், திங்கள் வேலை. வலை இல்லையென்றால் கூட்டமே வராது. விடுதிக்காரர் மூன்று பேர் அந்தக் கூட்டத்துக்கென்று அறை ஒதுக்கி, ஒருவர் புது மெத்தையும் வாங்கிவிட்டார். நான் ஞாயிறு ஏலாது என்றால் இவர்கள் எல்லோரும் என்னை விடமாட்டார்கள். ஓம் என்றால் அண்ணனின் பாடு போய்விடும். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

அண்ணன் ட்ராக்டருக்கு அடியில் படுத்துக்கிடந்தான். எங்கள் கரையில் வலையை இப்போது ட்ராக்டரில் பூட்டிய உருளைதான் இழுக்கும். கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் காலுக்குக் கதை சொன்னேன். கால் அசையவில்லை.

"முடிஞ்சுதே?" என்றான் உள்ளே இருந்து.

"முடிஞ்சுது."

"கையால இழுக்க எனக்கென்ன விசரே? ஞாயிறு இழுக்க எனக்கென்ன ரெண்டு விசரே?"

"அண்ணா, நான் வேணுமெண்டு சொல்லேல்ல."

அவன் வெளியே வந்தான். முகம் முழுக்க எண்ணெய். "நீ உந்தக் குளிர் அறைக்குள்ள இருந்து என்ர கடலை வித்துப்போட்டு வந்து நிக்கிறாய். உன்னை ஆர் வலை விக்கச் சொன்னது? பறவையை வில்லு. கழுதையை வில்லு. மன்னாரில கழுதைக்கு என்ன குறை?"

நானும் விடவில்லை. "உன்ர ட்ராக்டர் பழுதாகேக்க ஆர் பாத்தது? இந்தக் குளிர் அறைதான்."

"சொல்லிக் காட்டு. நல்லாச் சொல்லிக் காட்டு."

இருவரும் கொஞ்ச நேரம் ஆளையாள் திட்டினோம். வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். பிறகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, "வா, தலைவரிட்டப் போவம். நீயே சொல்லு. நான் வாய் திறக்கமாட்டன்" என்றான்.

சங்கத் தலைவர் ஊருக்கெல்லாம் மாமா. கதிரையைக் காட்டினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் இடைக்கிடை ஓம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வலை எண்டா என்ன?" என்று கேட்டார் கடைசியில்.

பிறகு தானே பதிலும் சொன்னார்.

"பின்னால பை மாதிரி மடி இருந்தால்தான் அது வலை. மடிதான் மீனைப் பிடிக்கிறது. மடியின்ர அடிக்கட்டை அவிட்டு விட்டால் மீன் உள்ள வந்து பின்னால போயிடும். பிறகு அது வலையில்லை. நீளமான கயிறு. ஞாயிற்றுக்கிழமை கயிறு இழுக்கக்கூடாது எண்டு சங்கத்தில சட்டமில்லை. பூசை முடிஞ்சாப் பிறகு இழுங்கோ."

அண்ணன் முகம் கொஞ்சம் இளகியது. நான் ஆறுதலாக மூச்சு விட்டேன். மாமா கையை உயர்த்தினார்.

"ஆனால் பிள்ளை, வாற ஆக்கள் உன்ர ஆக்கள். அடிக்கட்டு அவிண்டு கிடக்குதோ எண்டு பாக்கிறது உன்ர பொறுப்பு. நீ வந்து உன்ர கையால பாக்காமல் வலை வள்ளத்தில ஏறக்கூடாது. கட்டின மடி ஒருநாள் கரைக்கு வந்தாலும் இவன்ர பாடு பூட்டு. பிறகு என்னட்ட அழுது வரக்கூடாது."

"ஒரு ஞாயிறுதானே மாமா" என்றேன்.

அந்த ஞாயிறு இருபது பேர் வந்தார்கள். ஆண்கள் பூசைக்குப் போட்ட சேட்டுகளைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு வந்து நின்றார்கள். ட்ராக்டரை ஓலையால் மூடினோம். வெகு அழகாக மூடியதில், அதன் முன்னால் நின்றும் சிலர் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் அடிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். வள்ளம் வலையை இறக்கிக்கொண்டு சுற்றி வந்தது. இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்தார்கள். கொழும்பு ஆட்களும் பிடித்தார்கள். கயிறு கையைக் கிழித்ததும் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்.

அண்ணன் முன்னால் நின்று அம்பா போட்டான். இழுக்கிறவர்கள் ஒன்றாக இழுக்கப் போடுகிற பாட்டு. அன்றைக்குச் சொல் அவனுடையது.

"கொழும்பு வந்தது, ஏலோ! கைவலி கண்டது, ஏலோ! மீனைக் கேட்டால், ஏலோ! தங்கச்சி சொல்லுவாள், ஏலோ!"

ஆண்கள் சிரித்துச் சிரித்து இழுத்தார்கள். கொழும்பு ஆட்களும் அர்த்தம் தெரியாமல் ஏலோ போட்டார்கள். மடி கரைக்கு வந்தது. உள்ளே கொஞ்சம் பாசி, ஒரு செருப்பு. கண்ணாடி போட்ட ஒருவர் மீன் எங்கே என்று கேட்டார். ஞாயிறு நாங்கள் மீன் பிடிப்பதில்லை என்றேன். அவர் அதை மிக உயர்ந்த விஷயமாக எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். செருப்பைப் படம் எடுத்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை மிஸ் எடுத்தார். அடுத்த மாதத்து ஞாயிறு எல்லாம் கேட்டார். நான் எழும்பி நின்று, அக்காவின் விரலைப் பார்க்காமல், உரத்து, "ஏலாது மிஸ்" என்றேன். நானா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். என் வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல ஏலாது அது.

பின்னேரம் கரைக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அண்ணன் வலையைக் கீழே வைத்தான்.

"விசரே உனக்கு?"

"நீதானே வேண்டாமெண்டாய்?"

"அது முந்தி. இப்ப இவங்கள் எல்லாரும் வாற ஞாயிறுக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். மீன் பிரிக்கிற வேலையில்லை, ஐஸ் இல்லை, யாவாரியோட கத்தத் தேவையில்லை. பூசையால வந்து பாட்டுப் படிச்சுப்போட்டுப் போறது. எடு போனை."

வலை இழுக்கிற ஒருவர், "பிள்ளை, போன முறை எனக்குப் படத்தில முதுகுதான் வந்தது. இந்தமுறை முன்னுக்கு நிப்பாட்டு" என்றார்.

நான் அவர்கள் நடுவில் நின்று கொழும்புக்கு எடுத்தேன். மிஸ்ஸிடம் சரி என்றேன். ஓம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

அதோடு என் ஞாயிறு போனது. கூட்டம் வருகிற ஞாயிறு எல்லாம் நான் கரையில் நிற்க வேண்டும். வவுனியாவில் சினேகிதியின் கலியாணம், போகவில்லை. காய்ச்சல் வந்து படுத்திருந்தேன், அண்ணன் மோட்டார்சைக்கிளோடு ஆள் அனுப்பினான். போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் அடிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். கிழமை நாள் அந்த யன்னலுக்குப் பின்னால். ஞாயிறு அந்த முடிச்சுக்கு முன்னால். இதைச் சொல்லி நான் சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. விடுதிக்காரருக்குச் சந்தோசம். சங்கத்துக்குச் சந்தோசம். அண்ணனுக்கு இப்போது ஊரில் ஒரு மரியாதை, கொழும்பு ஆட்கள் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறார்கள். விருப்பமில்லாத ஒரே ஆள் நான்.

பிறகு ஒரு ஞாயிறு. கடல் தகடு மாதிரி. நான் அடிக்கட்டைப் பார்த்தேன், அவிழ்ந்திருந்தது. வள்ளம் போனது. போன வள்ளத்தில் இருந்தவர்கள் நடுவில் எழும்பி நின்று எதையோ கையால் காட்டினார்கள். தண்ணீரில் ஓர் இடம் கறுத்துக் கிடந்தது. சாளை. பெரிய கூட்டம். அந்தக் கிழமை முழுக்கத் தாழ்வுபாட்டில் ஒருவனுக்கும் மீன் இல்லை.

கயிறு இழுபட்டபோதே தெரிந்தது. செருப்பு வருகிற பாரம் இல்லை அது. அம்பா நின்றுவிட்டது. கொழும்பு ஆட்கள் ஏலோ ஏலோ என்று கத்தினார்கள், எங்கள் ஆண்கள் வாய் திறக்காமல் இழுத்தார்கள். மடி தூரத்தில் வீங்கி வந்தது. வள்ளத்தில் போனவர்கள் கடலில் வைத்து அடிக்கட்டைக் கட்டிவிட்டார்கள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான்.

"அண்ணா, கட்டியிருக்கு."

"பாக்காத."

"பாடு போயிடும்."

"நீ பாக்காட்டி ஒண்டும் போகாது. நீ அங்கால திரும்பி உந்தச் சனத்தைப் படம் எடு."

சங்கத் தலைவர் வழக்கமாக வருவதில்லை. ஆனால் சாளை பட்டால் தாழ்வுபாட்டில் யாருக்கும் சொல்லி அனுப்பத் தேவையில்லை. காகமே சொல்லும். கோயில் பக்கமிருந்து சேட்டுப் போட்ட ஆட்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு இறங்கி வருவது தெரிந்தது. யார் யார் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. மாமாவும் அதற்குள் இருக்கலாம்.

செருப்பைக் கூடக் கழற்றவில்லை. இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு, பிறகு நெஞ்சுக்கு. உடுப்பு காலைச் சுற்றியது. பின்னால் அண்ணன் என்னை எடி என்று கூப்பிட்டதும், அதற்குப் பிறகு கூப்பிட்டதும் கேட்டது. பின்னதை இங்கே எழுதத் தேவையில்லை. மடியைக் கட்டிப்பிடித்தேன். அது உயிரோடு துடித்தது, உள்ளே அவ்வளவு மீன். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் இழுத்தேன். அவிழ்ந்தது.

சாளை என் வயிற்றிலும் கையிலும் மோதிக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. மடி என் கைக்குள் மெல்ல மெல்ல மெலிந்தது. கடைசியில் வெறும் நூல். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஒரு பக்கம் எங்கள் ஆண்கள் கயிற்றைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் துப்பினான். மறுபக்கம் கொழும்பு ஆட்கள் கைதட்டினார்கள். விசிலும் அடித்தார்கள். இதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்.

மாமா வந்திருந்தார். வெறும் மடியைக் காலால் புரட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி" என்றார். போய்விட்டார். அண்ணனின் பாடு பூட்டப்படவில்லை. அண்ணன் என்னோடு கதைக்கவில்லை. வீட்டில் அண்ணியும் சோற்றை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா.

திங்கள் காலை மிஸ் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"பிடிச்சு விடுறது! ஏன் இதை முதல்லயே சொல்லல? கஸ்டமர் அனுப்பின வீடியோவை எல்லாரும் ஷேர் பண்றாங்க."

"அது விளையாட்டில்லை மிஸ். தவறி நடந்தது."

"அதான் அழகே. இனி எல்லா வாரமும் அதையே வெச்சுக்கலாம். மடியைக் கட்டியே போடுங்க, நீங்க போய்த் திறந்து விடுங்க."

சங்கத்துக்கு எழுதிக் கேட்டார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மாமா யோசித்து, பிடித்த மீனைக் கரைக்கு எடுக்காவிட்டால் அது மீன்பிடி இல்லை என்று சொல்லிவிட்டார். திறக்கிற கை மட்டும் என் கையாய் இருக்க வேண்டும். வேறு ஆள் திறந்தால் வேறு ஆள் திறக்காமலும் விடுவான் என்றார். அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை.

புது விளம்பரத்தில் நான் இருக்கிறேன். நெஞ்சளவு தண்ணீரில், வாயில் கயிற்று முடிச்சோடு, தலைமயிர் முகத்தில் ஒட்ட. 'மீன்களுக்கு விடுதலை தரும் மன்னார்ப் பெண்' என்று கீழே எழுதியிருக்கிறது. எழுதியவள் நான்தான். மேசையின் என் முனையில் இருந்து, தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். நானா எட்டிப் பார்த்து, "படம் நல்லா இருக்கு புள்ள, காப்புறுதி எடுத்திட்டியா?" என்றார். அக்கா அதைத் தன் தொலைபேசிக்கு அனுப்பச் சொன்னா, மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட.

ஞாயிறு பூசை முடிந்ததும் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போகிறேன். ஆண்கள் ஏலோ போடுகிறார்கள். அண்ணன் அவர்களோடு பகிடி விடுகிறான், கொழும்பு ஆட்களோடு சிரிக்கிறான். என்னோடு அவன் கதைக்கிற சொல் ஒன்றுதான். மடி கிட்ட வந்ததும் என்னைப் பார்க்காமல், "இறங்கு" என்பான்.

நான் இறங்குகிறேன்.